ஒரு கூரையின் கீழ் இரு வண்ணங்கள்

மலாக்கா மாநிலம் நெகிரி செம்பிலானைத் தொடும் எல்லையில் அமைந்த ஊர் புலாவ் செபாங். மலாய்மொழியில் 'புலாவ்' என்றால் தீவு. ஆனால் இவ்வூரைச் சூழ்ந்திருப்பது கடலன்று. ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள், இந்நாளில் பெரும்பாலும் செம்பனைகள். சற்றுத் தொலைவில் உள்ள தம்பின் நகரம் நெகிரி செம்பிலானைச் சேர்ந்தது. ஆயினும், தம்பின் நிலையம் என்று நெடுங்காலம் பெயர் தாங்கியிருந்த இரயில் நிலையம் நிற்பது மலாக்கா மண்ணில், புலாவ் செபாங்கில்தான். இப்போது அதன் பெயர்ப் பலகையில் இரண்டு ஊர்களின் பெயர்களும் சேர்ந்தே காணப்படுகின்றன.

இந்த மாநில எல்லையை மழையும் வெயிலும் அறியா. பால்மரம் வெட்டப் போனவர்களும் அதனைப் பெரிதாக எண்ணியதில்லை. இப்பக்கத்துத் தோட்டத்தில் பெண் எடுத்து அப்பக்கத்துத் தோட்டத்தில் குடித்தனம் நடத்தினர். அப்பக்கத்தில் வேலை குறைந்தால் இப்பக்கம் வந்து பெயர் கொடுத்தனர். ஆயினும், இக்கோட்டின் எந்தப் பக்கத்தில் ஒரு குழந்தை பிறந்தது என்பதே, அக்குழந்தை வளர்ந்தபின் இந்நாட்டில் அனுமதிச் சீட்டின்றி வேலை செய்யலாமா, கூடாதா என்பதை முடிவு செய்த காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தை இன்றைய மாணவர் அறியார். தோட்டப்புறத் தமிழரின் வரலாற்றில் கங்காணியும் கப்பலும் பேசப்படும் அளவுக்கு அடையாள அட்டையும் 'பெர்மிட்'டும் பேசப்படுவதில்லை. குடும்பங்களைப் பிரித்ததில் கப்பலுக்கு உள்ள பங்கு அந்தச் சிறு காகிதத்துக்கும் உண்டு.

மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தை டான் சே யான் என்பவர் 1896-ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கினார். அது மலாக்காவில் உள்ள இடம். ரப்பரின் விலை ஏற ஏறத் தோட்டங்கள் பெருகின. தோட்டங்கள் பெருகப் பெருக ஆள்கள் வேண்டியதாயிற்று. 1907-ஆம் ஆண்டில் தோட்ட முதலாளிகளின் பணத்தைக் கொண்டு குடியேற்ற நிதி ஒன்று அமைக்கப்பட்டது. கங்காணியின் சொல்லை நம்பித் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து புறப்பட்டவர்களுக்கு அந்நிதியிலிருந்தே பயணச் செலவு கிடைத்தது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கி, கப்பலேறிப் பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ கரையிறங்கினர். விசா என்ற சொல் அவர்களின் காதில் விழுந்ததில்லை. இருகரையும் ஒரே பேரரசின் கீழ் இருந்தன. ஆள் வேண்டும் என்றால் கதவு திறந்திருந்தது, அவ்வளவுதான்.

தொடக்கத்தில் வந்தவர்களுள் தனியாள்களே மிகுதி. நாளடைவில் குடும்பம் குடும்பமாக வருவதே தோட்டத்துக்கும் ஆதாயம் என்று முதலாளிகள் கண்டனர். கணவன் பால்மரம் வெட்டுவான். மனைவியும் ஒரு நிரை பிடிப்பாள். பிள்ளைகள் புல் பிடுங்குவார்கள். லயத்து வீடு ஒன்று, ஆயாக்கொட்டகை ஒன்று, ஓர் ஆசிரியர் உள்ள பள்ளிக்கூடம் ஒன்று இருந்தால் போதும். குடும்பம் வேரூன்றிவிடும், ஆளும் ஓடிப்போகமாட்டான் என்பது கணக்கு. ஆகவே தமிழ்க் குடும்பம் இம்மண்ணில் வேரூன்றியது தற்செயலன்று. அஃது அழைத்தவர்களின் விருப்பமும் ஆகும்.

விலை இறங்கிய போது அதே நிதி வேறொரு வேலைக்கும் பயன்பட்டது. 1930-ஐ ஒட்டிய உலகப் பொருளாதார வீழ்ச்சியில் ரப்பர் விலை சரிந்ததும் ஆயிரமாயிரம் தொழிலாளர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். விலை ஏறியதும் மீண்டும் அழைக்கப்பட்டனர். 1938-ஆம் ஆண்டில் ஆண்களின் நாட்கூலி 50 காசிலிருந்து 45 காசாகக் குறைக்கப்பட்டதை அடுத்து, பயண உதவி பெற்றுத் தொழிலாளர் மலாயா வருவதை இந்திய அரசு தடை செய்தது. 1953-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் இப்பக்கத்துக் கதவையும் சாத்தியது. இடையே ஜப்பானியர் ஆட்சியில், தம்பினிலிருந்து மலாக்கா நகருக்குச் சென்ற கிளைப் பாதையின் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டன. தோட்டத் தமிழர்களும் பல்லாயிரவர் அங்கே கொண்டுபோகப்பட்டனர். பலர் மீளவே இல்லை. இத்தனைக்கும் தப்பி, ஐம்பதுகளில் லயங்களில் எஞ்சியிருந்த குடும்பங்களை வந்தேறிகள் என்று கூறுவது பொருந்துமோ?

1957-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் நாடு விடுதலை பெற்றது. விடுதலையோடு குடியுரிமை என்ற புதிய சொல்லும் தோட்டங்களுக்குள் நுழைந்தது. அதன் விதிகளைச் சற்றுப் பொறுமையாக நோக்க வேண்டும். நிகழ்ந்தவை அனைத்துக்கும் திறவுகோல் அவற்றில்தான் இருக்கிறது.

விடுதலை நாளன்றும் அதற்குப் பின்னும், 1962-ஆம் ஆண்டு செப்டம்பர் வரை இந்நாட்டில் பிறந்த குழந்தை, பெற்றோர் யாராயினும் சட்டப்படியே குடிமகனாயிற்று. அதற்கு முன் இங்கே பிறந்தவர்கள் விண்ணப்பித்துப் பதிவு பெற வேண்டும். வெளியே பிறந்து இங்கே நெடுங்காலம் வாழ்ந்தவர்களுக்கு அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு வழி வகுத்தது. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய 12 ஆண்டுகளில் 8 ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருத்தல், மலாய்மொழியில் அடிப்படை அறிவு பெற்றிருத்தல் ஆகியவை அதன் நிபந்தனைகளுள் முக்கியமானவை. அந்தப் 17-ஆம் பிரிவு 1963-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. பின்னர் எஞ்சிய வழி இயல்புரிமைப் பதிவு. அதற்கு வேண்டியது 'அடிப்படை அறிவு' அன்று, 'போதிய அறிவு'. மொழியாசிரியர்களுக்கு இவ்விரு சொற்களின் இடைவெளி விளங்கும். விடியுமுன் பெரட்டுக்குப் போய் இருட்டியபின் அடுப்பு மூட்டிய ஒருவருக்கு அந்த இடைவெளி கடலைப் போன்றது.

மலாக்காவுக்கு மட்டும் இதில் ஒரு தனி நிலை உண்டு. மலாக்காவும் பினாங்கும் பிரிட்டிஷாரின் நேரடிக் குடியேற்றப் பகுதிகளாயிருந்தன. அவ்விரண்டிலும் பிறந்து இந்நாட்டில் நிலையாக வாழ்ந்த பிரிட்டிஷ் குடிகளை, 1948-ஆம் ஆண்டின் கூட்டரசு ஒப்பந்தம் தாமாகவே கூட்டரசின் குடிமக்களாக்கிற்று. விடுதலைக்குப் பின்னும் அவ்வுரிமை தொடர்ந்தது. நெகிரி செம்பிலான் மலாய் அரசரின் நாடு. அங்கே பிறந்த தோட்டப் பிள்ளைக்கு அவ்வாறு தானாக வரும் உரிமை பொதுவாக இல்லை. புலாவ் செபாங் பக்கத்து லயத்தில் பிறந்தவனுக்கும், தம்பின் பக்கத்து லயத்தில் பிறந்தவனுக்கும் இடையே சில கல் தொலைவுதான். சட்டத்தின் பார்வையில் அது வெகுதொலைவாயிற்று.

குடிமக்களுக்கு நீல அடையாள அட்டை. நிரந்தரவாசிகளாக இருந்தும் குடிமக்களாகாதவர்களுக்குச் சிவப்பு அட்டை. தோட்டத்தில் அவற்றை நீலக் கார்டு, சிவப்புக் கார்டு என்றே அழைத்தனர். பலர் ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று இன்றைய மாணவர் கேட்பர். கேட்க வேண்டிய கேள்விதான். பிறப்புப் பத்திரம் இல்லை என்பது ஒரு காரணம். ஒருநாள் கூலியை இழந்து பட்டணத்து அலுவலகத்துக்குப் போக முடியாமை இன்னொன்று. ஊரில் இருக்கும் துண்டு நிலத்தையும் குலதெய்வத்தையும் விட்டுக்கொடுப்பதாகிவிடுமோ என்ற அச்சம் மற்றொன்று. எல்லாவற்றிற்கும் மேலாக, சிவப்பு அட்டை வைத்திருப்பவன் மரம் வெட்டக் கூடாது என்று அந்நாளில் எவரும் சொல்லவில்லை. நீல அட்டைக்காரனுக்கும் சிவப்பு அட்டைக்காரனுக்கும் பெரட்டில் ஒரே பெயர்ப் புத்தகம்; ஒரே கத்தி; ஒரே கூலி. வண்ணத்தில் என்ன இருக்கிறது என்று எண்ணியவர்களை முழுதும் குறை கூறல் தகாது.

வண்ணத்தில் என்ன இருக்கிறது என்பது 1969-இல் தெரிந்தது.

1968-ஆம் ஆண்டில் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. குடிமக்கள் அல்லாதவர், குறிக்கப்பட்ட வேலைகளில் அமர வேண்டுமாயின் அனுமதிச் சீட்டு பெற்றிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். சீட்டு இன்றி வேலை கொடுப்பதும் குற்றம். 1969-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் கலவரத்துக்குப் பின் அச்சட்டம் கடுமையாக நடைமுறைக்கு வந்தது. 20 ஆண்டுகள், 30 ஆண்டுகள் அதே நிரையில் அதே மரங்களை வெட்டியவர்கள், ஒரே நாளில் தற்காலிகத் தொழிலாளர் ஆயினர். குறித்த காலத்துக்கு மட்டுமே செல்லுபடியாகும் சீட்டு அவர்கள் கையில் வந்தது. சிலருக்கு அதுவும் வரவில்லை. அந்த ஈராண்டில் ஏறக்குறைய 60,000 இந்தியத் தொழிலாளர் இந்நாட்டைவிட்டு வெளியேறினர் என்று ஆய்வாளர் எழுதுகின்றனர்.

60,000 என்பது ஓர் எண். எண்ணுக்குப் பின்னே வீடு இருக்கிறது. எல்லைப்புறத் தோட்டம் ஒன்றில் அன்று வாழ்ந்திருக்கக்கூடிய குடும்பம் ஒன்றை மனத்தில் வரைந்து பார்ப்போருக்கு, சட்டம் வீட்டுக்குள் நுழைந்த விதம் விளங்கும். தந்தை தஞ்சை மாவட்டத்தில் பிறந்து, சிறுவயதில் கப்பலேறி வந்தவர், சிவப்பு அட்டை. தாய் நெகிரி செம்பிலான் தோட்டத்தில் பிறந்தவர்; இங்கே பிறந்தவர் என்ற முறையில் பதிவு பெற உரிமை இருந்தும், பிறப்புப் பத்திரம் இன்மையால் சிவப்பு அட்டை. மூத்த மகன் 1946-இல் மலாக்காப் பக்கத்தில் பிறந்தவன், நீல அட்டை. அடுத்த மகள் 1952-இல், குடும்பம் எல்லை கடந்து வேலைக்குப் போயிருந்தபோது பிறந்தவள், சிவப்பு அட்டை. கடைசிப் பையன் 1959-இல் பிறந்தவன். விடுதலை பெற்ற நாட்டின் குடிமகன். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான்காம் வகுப்பு மாணவன். ஒரே கூரை, ஒரே உலை; ஐந்து பேர், இரண்டு வண்ணங்கள்.

1969-இல் இவ்வீட்டுக்கு நேர்வது என்ன? தந்தைக்குச் சீட்டு வேண்டும்; தாய்க்குச் சீட்டு வேண்டும்; வெட்டுமரத்தில் பெயர் பதிந்த 17 வயது மகளுக்கும் சீட்டு வேண்டும். மூத்தவனுக்கு வேண்டியதில்லை. தந்தைக்குச் சீட்டு மறுக்கப்பட்டால் லயத்து வீட்டுக்கும் ஆபத்து. வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போகும். மூத்தவன் ஒருவன் கூலியில் ஐவர் உண்ண முடியாது. பெற்றோர் ஊழியர் சேமநிதிப் பணத்தைப் பெற்றுக்கொண்டு ஊர் திரும்பலாம். அப்படியாயின் மகளை யாரிடம் விடுவது? பத்து வயதுக் குடிமகனை எங்கே விடுவது? அவனுக்குத் தன் நாட்டில் வாழ எல்லா உரிமையும் உண்டு. சோறு போடத்தான் ஆளில்லை. அவனைத் தாயோடு அனுப்பினால் அவன் பிறந்த நாட்டை இழக்கிறான். இங்கே நிறுத்தினால் தாயை இழக்கிறான்.

சட்டம் எவரையும் பிரிக்கச் சொல்லவில்லை என்று வாதிடலாம். உண்மைதான். சட்டம் குடும்பத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. அது வேலை செய்யும் ஆளை மட்டும் பார்த்தது. அந்த ஆளின் இடுப்பில் ஒரு குழந்தை இருப்பதையும், முதுகுக்குப் பின் ஒரு கிழவி நிற்பதையும் பார்க்க அதற்குக் கண் இல்லை.

குடியுரிமைச் சட்டத்தின் இன்னொரு விதி இதனை மேலும் சிக்கலாக்கிற்று. கணவன் குடிமகனாயின் அயல்நாட்டு மனைவி பதிவு பெற விண்ணப்பிக்கலாம். மனைவி குடிமகளாயிருந்து கணவன் அயலானாயின் அவனுக்கு அவ்வழி இல்லை. இவ்விதி இன்றும் மாறவில்லை. சிவப்பு அட்டை ஆணுக்கு வாழ்க்கைப்பட்ட நீல அட்டைப் பெண்கள், கணவனோடு போவதா, பிறந்த மண்ணில் தங்குவதா என்று தவித்த வீடுகளும் இருந்தன.

புலாவ் செபாங் வட்டாரத்திலிருந்து புறப்பட்டவர்களுக்கு வழி எளிது. நிலையத்தில் வடக்கே போகும் இரயில். பட்டர்வொர்த்தில் இறங்கிப் படகில் பினாங்கு. அங்கிருந்து 'ரஜூலா' போன்ற கப்பல். அவர்களின் பெற்றோர் எவ்வழியே வந்தனரோ, அவ்வழியே அவர்கள் திரும்பினர். வந்தபோது இரும்புப் பெட்டியும் நம்பிக்கையும் இருந்தன. திரும்பியபோது பெட்டி சற்றுப் பெரிது.

தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் இந்நிகழ்ச்சி வருகைப் பதிவேட்டில் தெரிந்தது. அக்காலத்துப் பள்ளிகளில் பணியாற்றியோர் இதனை நன்கு அறிவர். ஒரு பெயருக்கு நேரே சில நாள் வெற்றிடம். பின்னர் சிவப்பு மையில் ஒரு கோடு. ஓரத்தில் 'இந்தியா சென்றான்' என்ற குறிப்பு. தலைமையாசிரியர் விடுகைச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். பிறந்த இடம் என்ற கட்டத்தில் மலாக்கா என்றும், சென்ற இடம் என்ற கட்டத்தில் அப்பையன் ஒருமுறையும் கண்டிராத ஒரு கிராமத்தின் பெயரும் இடம்பெற்றன. மாணவர் தொகை குறைந்தது. சில பள்ளிகளில் ஆசிரியர் தொகையும் அதனால் குறைந்தது.

அரசு கூறிய காரணத்தையும் நேர்மையோடு எடுத்துக்கூற வேண்டும். நாட்டில் வேலையின்மை இருந்தது. குடிமக்களுக்கு முதலிடம் கொடுத்தல் எந்த அரசுக்கும் கடமை. சீட்டு முறை உலகில் எங்கும் உள்ளதே. இவையெல்லாம் மறுக்கத்தக்கன அல்ல. புதிதாக வருகிறவனுக்கு நிபந்தனை விதிப்பது வேறு. வந்து ஒரு தலைமுறை உழைத்து, பிள்ளை பெற்று, பெற்றோரை இம்மண்ணில் புதைத்தவனைத் திடீரெனப் புதியவனாக்குவது வேறு. இவ்விரண்டையும் ஒரே சீட்டால் அளந்ததே பிழை. அந்தக் கணக்கு நெடுநாள் நிற்கவும் இல்லை. தோட்டங்களில் ஆள்பற்றாக்குறை வந்தது. அண்டை நாட்டிலிருந்து ஆள்கள் வரத் தொடங்கினர். 1984-ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரையும் வீட்டுப் பணிப்பெண்களையும் வரவழைப்பதற்காக இந்தோனேசியாவுடன் மேடான் ஒப்பந்தம் செய்யப்பட்டது. பால்மரம் வெட்டத் தெரிந்த கைகளைச் சீட்டு இல்லை என்று அனுப்பிய 15 ஆண்டுகளில், சீட்டு கொடுத்து வேறு கைகளை அழைக்க வேண்டியதாயிற்று.

இது மலேசியத் தமிழருக்கு மட்டும் நேர்ந்ததன்று. இலங்கையில் 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964-ஆம் ஆண்டு அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அங்கும் அண்ணன் ஒரு பட்டியலில், தம்பி மறு பட்டியலில். தலைமன்னாரில் கப்பலேறியோரை அழுது வழியனுப்பினர். 1984-இல் அக்கப்பல் போக்குவரவு நின்றதும், போக வேண்டியவர்களாகப் பட்டியலில் இருந்தோர் போகாமலும் உரிமை பெறாமலும் தேயிலை மலைகளில் காத்துக்கிடந்தனர். 2003-ஆம் ஆண்டில்தான் இலங்கை நாடாளுமன்றம் அவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டத்தை நிறைவேற்றிற்று. பர்மாவிலோ, 1964-இல் வணிகங்கள் நாட்டுடைமையாக்கப்பட்டதை அடுத்துப் பெருந்தொகையான இந்தியர் கையில் ஒன்றுமின்றி வெளியேறினர்.

படித்தவர்க்கும் இக்கதை புதிதன்று. வளைகுடா நாடுகளில் மனைவி மக்களை அழைத்துக்கொள்ளும் உரிமை சம்பளத்தின் அளவைப் பொறுத்தது; கட்டடத் தொழிலாளிக்கு அவ்வுரிமை எட்டாக் கனி. அமெரிக்காவில் எச்-1பி விசா பெற்ற பொறியாளரின் துணைவருக்கு எச்-4 விசா கிடைக்கும். ஆனால் 2015 வரை அத்துணைவர் வேலை செய்யலாகாது. அவ்வாண்டு முதல், நிரந்தரக் குடியிருப்புக்கான நடைமுறையில் குறித்த ஒரு கட்டத்தைத் தாண்டியோரின் துணைவருக்கு மட்டும் வேலை உரிமை கிடைத்தது. பிள்ளை 21 வயதை எட்டினால் பெற்றோரின் விசாவில் நீடிக்க முடியாது. தமிழ்நாட்டில் பொறியியல் படித்து, கணினி முன் அமரும் இளைஞனுக்கும், பால்வாளி தூக்கிய அவன் பாட்டனுக்கும் காகிதம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: உன்னால் எனக்கு வேலை ஆகும், உன் குடும்பத்தால் எனக்கு என்ன?

இனி, இதே தோட்டங்களை இன்று நோக்கலாம். தமிழர் பெரும்பாலோர் பட்டணங்களுக்குப் போய்விட்டனர். செம்பனைக் குலைகளை வெட்டுகிறவர்கள் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளிகள். அவர்கள் கையில் இருப்பது தற்காலிக வேலைக்கான வருகை அனுமதி. அதில் மனைவி மக்களுக்கு இடமில்லை. அதனைப் பெற்றவர் இந்நாட்டில் திருமணம் செய்துகொள்ளவும் கூடாது. பெண்ணாயின், கருவுற்றிருக்கவில்லை என்பதை மருத்துவச் சோதனை உறுதி செய்ய வேண்டும். உயர்ந்த சம்பளத்தில் வரும் வெளிநாட்டு அதிகாரிக்கோ குடும்பத்தை அழைத்துவர அனுமதி உண்டு. கங்காணிக் காலத்து முதலாளி குடும்பத்தைக் கருணையால் அழைக்கவில்லை, ஆதாயத்தால் அழைத்தான். இக்காலச் சீட்டு ஆதாயத்தாலேயே குடும்பத்தை வாசலில் நிறுத்துகிறது. ஆனால் பிள்ளை பிறப்பதைச் சீட்டால் நிறுத்த முடிவதில்லை. தோட்டத்து மூலைகளில், எந்நாட்டுப் பத்திரமும் இல்லாத பிள்ளைகள் வளர்கின்றனர். அவர்களைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் தமிழர், தம் பாட்டனையும் பாட்டியையும் கண்டு முகத்தைத் திருப்பியவர் ஆகின்றனர்.

சிவப்பு அட்டையின் கதையும் முடிந்துவிடவில்லை. பத்திரமற்ற இந்தியரைப் பதிவு செய்வதற்காக 2011-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அரசு 'மைடாஃப்தார்' என்ற இயக்கத்தை நடத்தியது. 2018-ஆம் ஆண்டில், 60 வயதுக்கு மேற்பட்ட சிவப்பு அட்டை இந்தியர் 3,407 பேருக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று அறிவித்தது. விடுதலை பெற்று 61 ஆண்டுகள் கழிந்தபின், இந்நாட்டிலேயே முதுமை அடைந்தவர்களுக்கு வந்த அறிவிப்பு அது. 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம், வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கு நெடுநாள் மறுக்கப்பட்ட உரிமையை வழங்குவது, அவ்வகையில் வரவேற்கத்தக்கது. அதே திருத்தம், சிவப்பு அட்டை வைத்துள்ள நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளை தானாகவே குடியுரிமை பெறும் வழியை அடைக்கவும் செய்கிறது. 1969-இல் தாய்க்குச் சிவப்பு, பிள்ளைக்கு நீலம் என்பது துன்பமாயிருந்தது. இனிப் பிள்ளைக்கு நீலம் உறுதி என்றும் சொல்வதற்கில்லை.

இந்நிலையில் தமிழாசிரியர்க்கு உரிய பணி யாது? சட்டம் இயற்றுதல் அவர் கையில் இல்லை. ஆனால் ஒன்று அவர் கையில் உண்டு. தமிழ்ப்பள்ளியின் ஆறாம் ஆண்டு முடியும் வயது 12; அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டிய வயதும் 12. அப்பிள்ளையின் பெயரையும், தந்தை பெயரையும், பிறந்த நாளையும் நாள்தோறும் பதிவேட்டில் காணும் கடைசித் தமிழ்க்கண் ஆசிரியருடையது. பிறப்புப் பத்திரத்தில் பெயர் பிழையாக இருக்கிறதா, பெற்றோரின் திருமணம் பதிவு செய்யப்பட்டதா, தாயின் அட்டை என்ன வண்ணம் என்று கேட்டு, வேண்டுமாயின் பெற்றோரை அழைத்துக்கொண்டு பதிவு அலுவலகம் வரை செல்பவர், நூறு கட்டுரைகள் செய்ய முடியாத ஒன்றைச் செய்தவராவார். அறுபதுகளில் தோட்டந்தோறும் இவ்வாறு கேட்க ஒருவர் இருந்திருந்தால், 60,000 என்ற எண் அவ்வளவு பெரிதாக இருந்திராது.

மாணவர்க்கும் ஒரு பணி உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பழைய தகரப்பெட்டியோ, ஓர் உறையோ இருக்கும். அதில் பாட்டனாரின் அட்டை, கப்பல் சீட்டு, காலாவதியான பெர்மிட்டு ஆகியவை கிடக்கலாம். அவற்றைக் குப்பையென எறியாமல் எடுத்து வைத்து, அவை ஒவ்வொன்றும் எந்த ஆண்டு, யார் கொடுத்தது, அதைப் பெற எத்தனை நாள் அலைந்தனர் என்று வீட்டு முதியோரைக் கேட்டு எழுதிவைக்கட்டும். போனவர்களின் பெயர்களையும் எழுதட்டும். தஞ்சையிலும் திருச்சியிலும் சேலத்திலும், மலாய்ச் சொற்கள் சில கலந்த தமிழைப் பேசிக்கொண்டு, மலாக்காவில் பிறந்ததாகப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவரும் முதியோர் இன்னும் சிலர் இருக்கக்கூடும். அவர்களின் உடன்பிறந்தார் புலாவ் செபாங்கிலும் தம்பினிலும் இருக்கின்றனர். அந்த முகவரிகளைத் தேடிச் சேர்த்தாலே பிரிந்த குடும்பங்கள் சில, காகிதத்திலாவது மீண்டும் ஒன்றுசேரும்.